கடைசி ஸ்டாப்புக்கு அப்புறம் 900 மீட்டர்

மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின ஒரு மனுவுல இப்படி ஒரு வரி இருக்கு. "பேருந்து குடியிருப்புப் பகுதிக்குள் வந்து செல்லுமானால் வெளியாட்கள் நடமாட்டம் அதிகரித்து, திருட்டு முதலான குற்றங்கள் பெருக வாய்ப்புள்ளது." வரி நல்லா வந்திருக்குன்னு அன்னைக்கு சங்கத்துல எல்லாரும் சொன்னாங்க. ஊருக்கு ஓரமா இருக்குற ஏரியா எங்களோடது, மொத்தம் 140 வீடு, அதுல 118 வீட்டுல கையெழுத்து போட்டாங்க. பஸ் உள்ள வந்து தண்ணி டேங்க் பக்கத்துல திரும்பிப் போறதா இருந்த திட்டம் மாறி, மெயின் ரோடு முனையோட நின்னுடுச்சு. அதுதான் இப்ப கடைசி ஸ்டாப். அங்கேருந்து எங்க கேட்டுக்கு 900 மீட்டர்.

அன்னைக்கு இருந்த பயம் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மாசம் தான் ரெண்டு வீட்டுல பூட்டை உடைச்சிருந்தாங்க. ராத்திரி நாய் குரைச்சா நானே எந்திரிச்சு ஜன்னல் வழியா பார்ப்பேன், மனைவி தூங்காம படுத்திருப்பாங்க, வேலைக்குப் போற நேரத்துல வீட்டை நினைச்சுக்கிட்டே போவேன். அந்த மாதிரி இருக்குறப்போ யாராவது வந்து "பஸ் உள்ள வந்தா யார் யாரோ வருவாங்க"ன்னு சொன்னா, அதுல என்ன ஆதாரம் இருக்குன்னு கேக்கத் தோணாது, ஆமான்னு தான் தோணும். எனக்கும் தோணுச்சு. செகரட்டரி சார் வந்து "நீங்க தான் நல்லா எழுதுவீங்க, ஒரு மனு போட்டுக் குடுங்க"ன்னாரு, ஒரே ராத்திரியில உக்காந்து எழுதிக் குடுத்தேன். வெளியாட்கள்னு எழுதினப்போ யாரை மனசுல வச்சு எழுதினேன்னு இப்ப யோசிச்சா ஒரு முகம் கூட ஞாபகம் வரல. வெறும் இருட்டு தான் ஞாபகம் வருது.

அந்த வார்த்தை என்னை விடாம துரத்த ஆரம்பிச்சது போன வருஷம்.

குரூப்புல வந்த மெசேஜ்

எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு வயசான அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களைப் பாத்துக்க ராத்திரி ஷிப்டுக்கு ஒரு ஹோம் நர்ஸ் வர்றாங்க. மூணு வருஷமா வர்றாங்க, எனக்கு அவங்க முகம் தெரியும், பேர் தெரியாது, அவ்வளவு தான் அப்போ வரைக்கும் பழக்கம். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி பஸ்சுல இறங்கி நடந்து வர்றப்போ, பைக்ல வந்த ரெண்டு பேரு அவங்க போனைப் புடுங்கிட்டு, தோள்ல இருந்த பையையும் இழுத்ததுல கீழ விழுந்துட்டாங்க. முழங்கையில எலும்பு விரிசல். பைக் நம்பர் தெரியல.

மறுநாள் காலைல எங்க குரூப்புல ஒருத்தர் போட்டாரு: "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னோம். பஸ்சுன்னு ஒண்ணு வந்தா இதெல்லாம் கூடவே வரும். நல்ல வேளை உள்ள விடல." அதுக்குக் கீழ வரிசையா கட்டைவிரல். என் விரலும் அந்த இடத்துக்குப் போயிடுச்சு, அழுத்தப் போற நேரத்துல தான் திரும்ப ஒரு தடவை படிச்சேன். பஸ்சுல வந்தது யாரு? அடி வாங்கினவங்க. புடுங்கினவன் வந்தது பைக்ல. அவன் பஸ்சுக்காகக் காத்துக்கிட்டும் நிக்கல, டிக்கெட்டும் எடுக்கல. ஆனா எங்க கணக்குல இது "பஸ்சால வந்த குற்றம்" ஆயிடுச்சு. அடிபட்டவங்களை, அவங்க வந்த வண்டியைக் காட்டியே குற்றவாளி பக்கம் நிக்க வச்சாச்சு. அதுவும் அவங்க எதுக்காக நடந்தாங்க? பஸ் உள்ள வராததால. பஸ் எதனால உள்ள வரல? நான் எழுதின மனுவால. அந்த ராத்திரி நான் சரியா சாப்பிடல, யார்கிட்டயும் சொல்லவும் முடியல.

சுவரோரம் நடந்த அன்னைக்கு

கையில கட்டோட அவங்க ஒரு வாரத்துலயே வேலைக்குத் திரும்பிட்டாங்க. லீவு எடுத்தா சம்பளம் இல்லன்னு பிற்பாடு தான் தெரிஞ்சுது. மனைவி தான் சொன்னாங்க, கொஞ்ச நாளைக்கு நீங்க போய் ஸ்டாப்புல இருந்து கூட்டிட்டு வாங்கன்னு. வண்டி எடுத்துட்டுப் போனேன், அவங்க தயங்கினாங்க, "வண்டி வேணாம் சார், நடந்தே வர்றேன், நீங்க கூட வந்தா போதும்"னாங்க. சரின்னு வண்டியை உருட்டிக்கிட்டே நடந்தேன். இந்த ரோட்டுல நான் நூறு தடவை, ஆயிரம் தடவை வண்டியில போயிருக்கேன், மொத்தமே ரெண்டு நிமிஷம். நடந்தா பன்னெண்டு நிமிஷம். அந்தப் பன்னெண்டு நிமிஷத்துல அவங்க சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கு.

ஸ்டாப்புல நிழற்குடை இருக்குல்ல, அதுக்குள்ள அவங்க உக்கார மாட்டாங்களாம். பஸ் வர்ற பக்கத்தை மறைச்சு ஒரு விளம்பரப் பலகை, முதுகுப் பக்கம் புதர். "உள்ள உக்காந்தா பஸ் வர்றதும் தெரியாது, ஆள் வர்றதும் தெரியாது சார்." அதனால காலைல திரும்பிப் போறப்போ கூட விடியுறதுக்கு முன்னாடின்னா எதிர்ல பூட்டியிருக்குற கடை வாசல்ல ஒரு பல்பு எரியும், அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு பஸ் லைட்டு தெரிஞ்சதும் ரோட்டைத் தாண்டி ஓடுவாங்களாம். அப்புறம் ஒரு பழைய குடோன் சுவர் வரும். கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வெறும் சுவர். இன்னொரு பக்கம் முள்ளு மண்டின காலி மனை. வழியில மொத்தம் 14 விளக்குக் கம்பம், எண்ணிப் பார்த்தேன், எரிஞ்சது 5. அந்தச் சுவரோரத்துல ஒண்ணு கூட இல்ல.

"இந்தச் சுவர் ஆரம்பிச்சதும் போனைக் காதுல வச்சுக்குவேன் சார். யார்கிட்டயாவது பேசிட்டு வர்ற மாதிரி காட்டிக்கிறது. எதிர்ல யாரும் இருக்க மாட்டாங்க, சும்மா நானே பேசிக்கிட்டு வருவேன். ஆள் இருக்குன்னு நினைச்சா கிட்ட வர மாட்டாங்கன்னு ஒரு இது. அன்னைக்கு போன் கையில இருந்ததே அதனால தான்."

நான் பதில் ஒண்ணும் சொல்லல. பயத்துக்குத் துணையா வச்சிருந்த பொருளையே புடுங்கிட்டுப் போயிருக்கானுங்க. வண்டியைப் புடிச்சிருந்த கை வேர்த்துடுச்சு.

கேட்டுக்கு வந்ததும் வாட்ச்மேன் நோட்டை நீட்டினாரு. அதுவும் நாங்க போட்ட ரூல் தான். வெளியில இருந்து வர்றவங்க பேர், நேரம், யாரைப் பாக்க, கையெழுத்து. மூணு வருஷமா ஒவ்வொரு ராத்திரியும் அவங்க அதுல எழுதிட்டு தான் உள்ள வர்றாங்க. வலது கையில கட்டு, இடது கையால கோணலா எழுதினாங்க. அவங்க போனப்புறம் நான் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 9:22. 9:24. 9:21. 9:23. பக்கம் பக்கமா அப்படித்தான். ஒரே ஒரு தேதியில மட்டும் 9:51. அந்த அரைமணி நேரத்தை நோட்டுல யாரும் என்னன்னு கேக்கல. விழுந்து, எந்திரிச்சு, பையில இருந்து சிதறினதைப் பொறுக்கி, அதுக்கப்புறமும் வந்து பேரையும் நேரத்தையும் எழுதியிருக்காங்க. அந்த 900 மீட்டர்ல அவங்களை நிறுத்தி ஒரு ஆள் கேள்வி கேக்குற ஒரே இடம் எங்க கேட்டு தான்.

தேடிப் படிச்சது

அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. நான் எழுதின அந்த வரி உண்மையா, பொய்யா, எங்கயாவது யாராவது அளந்து பாத்திருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். எங்களுக்கு மட்டும் வந்த பயம் இல்ல இது. அமெரிக்காவுல அட்லாண்டா பக்கத்துல க்வின்னெட்னு ஒரு கவுன்ட்டி, மார்ட்டாங்கிற ரயில், பஸ் அமைப்புல சேரலாமான்னு 1971ல ஓட்டெடுப்பு வச்சு வேணாம்னாங்க, 1990ல வேணாம்னாங்க, 2019லயும் வேணாம்னாங்க. குற்றம் வந்துடும்ங்கிற பேச்சுக்கு உள்ள கறுப்பின மக்கள் இந்தப் பக்கம் வந்துடக் கூடாதுங்கிற எண்ணமும் கலந்திருந்துச்சுன்னு அந்த ஊர் வரலாறு எழுதினவங்க வெளிப்படையாவே எழுதியிருக்காங்க. அங்கயும் யாரோ ஒருத்தர் என்னை மாதிரி உக்காந்து நல்ல வாக்கியமா எழுதியிருப்பாங்க. அதே அட்லாண்டா பக்கத்துல க்ளேட்டன் கவுன்ட்டியும் 1971ல வேணாம்னு சொன்ன ஊர் தான். ஆனா 2010ல அங்க ஓடிக்கிட்டிருந்த பஸ்சும் காசில்லாம நின்னு போச்சு, நாலு வருஷம் பஸ்சே இல்லாம இருந்துட்டு 2014ல அவங்களே ஓட்டுப் போட்டு மார்ட்டாவுல சேர்ந்தாங்க. பஸ் இல்லாம இருந்து பார்த்தவங்க போட்ட ஓட்டு அது.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல க்ரீன் லைன்னு ஒரு ரயில் 1995ல ஆரம்பிச்சாங்க, உள் நகரத்துல குற்றம் அதிகமா இருந்த பகுதிகள் வழியா போய் வசதியான புறநகர்ல முடியுற பாதை. எங்க பயத்தைச் சோதிச்சுப் பாக்க இதைவிட சரியான பாதை கிடைக்காது. ரயில் வர்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பல வருஷத்து போலீஸ் கணக்கை எடுத்துப் பாத்திருக்காங்க, உள் நகரத்துக் குற்றத்தை அந்த ரயில் புறநகருக்கு ஏத்திக்கிட்டு வரலன்னு தான் முடிவு வந்திருக்கு.

இத்தோட நிறுத்தினா எனக்கு சாதகமா இருக்கும், ஆனா அது நேர்மையா இருக்காது. வாஷிங்டன் மெட்ரோவுல பராமரிப்புக்காக சில ஸ்டேஷனை தற்காலிகமா மூடுறப்போ என்ன ஆகுதுன்னு 2015ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாத்தாங்க. ஒரு ஸ்டேஷன் மூடினா அதே லைன்ல இருக்குற மத்த ஸ்டேஷன் சுத்துவட்டாரத்துல குற்றம் ஏறக்குறைய 5 சதவீதம் குறைஞ்சிருக்கு. அதாவது கொஞ்சம் நகரத்தான் செய்யுது. இதைப் படிச்சப்போ மனசு கொஞ்சம் சுருங்கிச்சு. ரெண்டு நாள் இதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒண்ணு தோணுச்சு. ஜனங்க போக வர வழி இருந்தா எல்லாமும் தான் கொஞ்சம் நகரும், நல்லதும் கெட்டதும். அந்த 5 சதவீதத்துக்காக நாங்க செஞ்சது என்ன? ஆபத்தை ஒழிக்கல. எங்க கேட்டுக்கு வெளிய, சுவரோரத்துல, ஒரு பொம்பளை தலையில தூக்கி வச்சோம். எங்க கதவுக்கு ஒரு சின்ன சந்தேகம் குறையட்டும்னு அவங்க தினமும் பன்னெண்டு நிமிஷம் இருட்டுல நடக்கணும். இதை நியாயம்னு என்னால சொல்ல முடியல.

அதே வாஷிங்டன் மெட்ரோ 1976ல திறந்தப்போ, அதை வடிவமைச்ச ஹாரி வீஸ் ஸ்டேஷனை எல்லாம் தூணே இல்லாம உயரமான வளைவுக் கூரையோட கட்டினாரு. ஒரு கோடியில நின்னா மறு கோடி தெரியும், ஒளிஞ்சு நிக்க இடம் கிடையாது. குற்றம் அங்க குறைவா இருக்குறதுக்கு இந்த மாதிரி கட்டினது ஒரு காரணம்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல அனஸ்தாசியா லூகைடூ-சிடெரிஸ்னு ஒரு பேராசிரியர், குற்றம் அதிகமா நடக்குற பஸ் ஸ்டாப்புகளை ஒவ்வொண்ணா போய்ப் பார்த்தாங்க. எல்லா ஸ்டாப்பும் ஒரே மாதிரி இல்ல, சில ஸ்டாப்புல தான் திரும்பத் திரும்ப நடக்குது. பக்கத்துல சந்து, மதுக்கடை, பாழடைஞ்ச கட்டடம், கடையில இருந்து பார்த்தா ஸ்டாப்பு தெரியாம மறைப்பு, இது மாதிரி இடங்கள். சில நூறு அடி தள்ளி வச்சிருந்தாலே நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும். படிக்கப் படிக்க எனக்கு எங்க ஊர் நிழற்குடையும் அந்த விளம்பரப் பலகையும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. நர்ஸம்மா நடந்துக்கிட்டே சொன்னதைத் தான் இவங்க எல்லாம் வருஷக்கணக்கா அளந்து சொல்லியிருக்காங்க.

வெளிச்சத்துக்கும் கணக்கு இருக்கு. நியூயார்க்ல 2016ல அரசுக் குடியிருப்பு வளாகங்கள்ல சிலதுக்கு மட்டும் கூடுதலா பெரிய விளக்குகளை வச்சுப் பார்த்தாங்க, ராத்திரி வெளியில நடக்குற பெரிய குற்றங்கள் 36 சதவீதம் குறைஞ்சிருக்கு. எங்க ரோட்டுல 14ல 9 எரியல.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது. கனடாவுல டொராண்டோவுல 1991ல இருந்து ஒரு ஏற்பாடு இருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல, ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல வீட்டுக்குப் பக்கமா இறக்கி விடுங்கன்னு டிரைவர்கிட்ட கேட்டா, பத்திரமான இடமாப் பார்த்து நிறுத்துவாரு. முதல்ல தனியா வர்ற பெண்களுக்குன்னு ஆரம்பிச்சது, பிற்பாடு எல்லாருக்கும்னு ஆக்கிட்டாங்க. மாண்ட்ரியல்ல 1996ல இதே மாதிரி கொண்டு வந்தாங்க. புதுசா ஒரு பஸ் வாங்க வேண்டியதில்ல, கட்டடம் கட்ட வேண்டியதில்ல, டிரைவர் காலை பிரேக்ல வைக்கணும், அவ்வளவு தான். இறங்குறவங்க நடக்குற தூரம் குறையுது. பஸ்சுல போறவங்களோட பயம் பெரும்பாலும் பஸ்சுக்குள்ள இல்ல, காத்துக்கிட்டு நிக்கிற நேரத்துலயும், இறங்கினப்புறம் நடக்குற தூரத்துலயும் தான் இருக்குங்கிறதை யாரோ அங்க உக்காந்து கேட்டிருக்காங்க.

காத்திருக்குற நேரம்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன். எங்க ரூட்டுல ராத்திரி எட்டு மணிக்கு மேல முக்கால் மணிக்கு ஒரு பஸ். கூட்டம் இல்லன்னு குறைச்சாங்க. குறைச்சதும் இருந்த கொஞ்சப் பேரும் வேற வழி பாத்துக்கிட்டாங்க. முன்னாடி பத்துப் பேரு ஒண்ணா இறங்கி ஒண்ணா பேசிக்கிட்டே நடப்பாங்களாம், இப்ப ஒருத்தர், மிஞ்சிப் போனா ரெண்டு பேரு. கும்பலா நடக்குற ரோட்டுல எவனும் பைக்கை ஸ்லோ பண்ண மாட்டான். அடிக்கடி பஸ் விடுறதை நாம வசதின்னு மட்டும் தான் நினைக்கிறோம், எனக்கு இப்ப அதுவே ஒரு காவல்னு தோணுது.

ரெண்டாவது மனு

இந்த மாசம் ரெண்டாவது மனு எழுதியிருக்கேன். பஸ் தண்ணி டேங்க் வரைக்கும் உள்ள வரணும், 14 விளக்கும் எரியணும், நிழற்குடையில இருந்து விளம்பரப் பலகையை எடுக்கணும், ராத்திரி ஒன்பதுக்கு மேல கேட்ட இடத்துல நிறுத்தணும். சங்கக் கூட்டத்துல படிச்சேன். முதல் மனுவை எழுதினதும் நான் தான், அந்த வரி தப்பு, அதை நான் திருப்பி எடுத்துக்கிறேன்னு எந்திரிச்சு நின்னு சொன்னேன். குரல் நடுங்குச்சு.

கோவப்பட்டவங்க இருந்தாங்க, அவங்களைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு பெரியவர் எந்திரிச்சு நிதானமா கேட்டாரு. "தம்பி, நீ சொல்றது எல்லாம் சரி. அந்தப் பூட்டு உடைச்ச வீடுல ஒண்ணு என்னோடது. அன்னைல இருந்து என் வீட்டுக்காரி தனியா மாடி ஏற மாட்டேங்குறா. நாளைக்கு திரும்ப ஒண்ணு நடந்தா அவளுக்கு நான் என்ன சொல்றது?" அவருக்கு நான் புள்ளிவிவரம் சொல்லல. சொன்னா அது மரியாதையா இருக்காது. கூட்டம் முடிஞ்சு அவர்கூடவே நடந்து போனேன், அவங்க வீட்டுப் பின்பக்கக் கதவு, மாடிப்படி எல்லாம் காட்டினாரு. பின்பக்கம் ஒரு லைட்டு கூட இல்ல. பூட்டை உடைச்சவன் எப்படி வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனா அந்த மாசம் எங்க பக்கம் பஸ்சே ஓடல, திட்டம் பேப்பர்ல தான் இருந்துச்சு. இதை நான் சொல்லல, அவரே தான் சொன்னாரு, படியில உக்காந்துக்கிட்டு, கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு. கையெழுத்து இன்னும் போடல. போட மாட்டேன்னும் சொல்லல.

இது வரைக்கும் 31 கையெழுத்து வந்திருக்கு. முதல் மனுவுக்கு 118 ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சுது, இதுக்கு மூணு வாரமா வீடு வீடா ஏறிக்கிட்டு இருக்கேன். கதவைத் தொறந்து உக்கார வச்சுப் பேசுறவங்களும் இருக்காங்க, நான் தெருவுல வர்றதைப் பாத்துட்டு உள்ள போயிடுறவங்களும் இருக்காங்க.

முந்தாநாள் ராத்திரி ஸ்டாப்புல இருந்து வர்றப்போ அந்த நர்ஸம்மாகிட்ட மனுவைக் காட்டினேன். கேட்டுக்குக் கிட்ட வந்து அங்க இருக்குற வெளிச்சத்துல நின்னு முழுசா படிச்சாங்க. "நானும் போடலாமா சார்?"னு கேட்டாங்க. கண்டிப்பா போடுங்கம்மான்னு பேனாவைக் குடுத்தேன். பேர் எழுதினாங்க. அடுத்த கட்டத்துல பேனா நின்னுடுச்சு. "வீட்டு நம்பர்னு இருக்கே சார், நான் என்ன போட?"

அந்தக் கட்டத்தைக் கோடு போட்டுப் பிரிச்சது நான் தான், முதல் மனுவுல இருந்த அதே அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். தோணவே இல்ல. இங்க வேலைக்கு வர்றவங்க, வீடு கூட்ட வர்றவங்க, கேட்டுல நிக்கிற வாட்ச்மேன், டியூஷன் எடுக்க வர்ற பையன், அந்த ஸ்டாப்புல இறங்குறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல அந்தக் கட்டத்துல எழுத ஒண்ணும் கிடையாது.

இப்போதைக்கு காலியா விடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். நேத்து உக்காந்து அட்டவணையை மாத்திட்டேன், வீட்டு நம்பரை எடுத்துட்டு "எந்த நேரத்து பஸ்"ன்னு ஒரு கட்டம் போட்டிருக்கேன். நாளைக்கு பிரின்ட் எடுத்துட்டு ஒன்பது மணி பஸ்சுக்கு ஸ்டாப்புல போய் நிக்கணும்.